பத்து நிமிஷத்தில் சரியாகிப் போச்சா? அதுதான் எச்சரிக்கை!

காலை ஏழு மணி. வீட்டுப் பெரியவர் காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறார். டம்ளர் நழுவிக் கீழே விழுகிறது. "என்னங்க ஆச்சு?" என்று அம்மா ஓடி வருகிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு குழறுகிறது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, விசிறி... பத்து நிமிஷம்தான். பிறகு கை நன்றாகத் தூக்க வருகிறது, பேச்சும் தெளிவாகிவிட்டது.

"பித்தம் தலைக்கேறியிருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. "ராத்திரி டி.வி. பாத்துட்டு லேட்டாத் தூங்கினீங்க, அதான்" என்கிறார் மருமகள். இஞ்சிச் சாறு கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். பெரியவரும் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறார். மறுநாளோ, நாலு நாள் கழித்தோ சாவகாசமாக என் போன்ற வைத்தியரிடம் வருவார்கள். "டாக்டர், மூளைக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கு போல. நல்லா ரத்தம் போறதுக்கு ஒரு லேகியம் கொடுங்க."

சிலர் அப்படி வருவதற்குள்ளேயே ஒரு பக்கம் முழுதாக விழுந்துவிடுகிறது.

அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நிமிஷக் கோளாறு உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், தயவுசெய்து என்னிடம் வராதீர்கள். நேரே ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். எங்கள் மருத்துவத்துக்கு இதில் வேலை இருக்கிறது. ஆனால் அது முதல் நாள் வேலை இல்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நாலு வாய்க்கால், ஒரு வளையம்

மூளையின் எடை கிட்டத்தட்ட 1,400 கிராம். உடம்பு எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் இதற்குப் போகிறது. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம்! தூங்கினாலும் சரி, கணக்குப் போட்டாலும் சரி, இந்தப் படியளப்பு நிற்கக் கூடாது. காரணம், மூளைக்குச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. அன்றாடம் காய்ச்சி மாதிரி, வந்தால்தான் அடுப்பு எரியும்.

இந்த ரத்தம் நாலு குழாய் வழியாக மேலே ஏறுகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு. இது உங்கள் விரலுக்கே தட்டுப்படும். பின்பக்கம் கழுத்தெலும்புத் துளைகளுக்குள் புகுந்து போவது இரண்டு. நாலும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கை கோக்கின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கமாக எழுதியதால் அவர் பெயரையே வளையத்துக்கு வைத்துவிட்டார்கள். ஒரு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் இன்னொன்றிலிருந்து திருப்பிவிட இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் வளையத்தைத் தாண்டிச் சின்னக் கிளைகளாகப் பிரிந்த பிறகு இந்தச் சௌகரியம் குறைந்துவிடுகிறது. அங்கே ஒரு கட்டி ரத்தம் போய் அடைத்தால், அதை நம்பியிருந்த பகுதி பட்டினி கிடக்க வேண்டியதுதான். பெரிய குழாயில் அடைப்பு ஏற்பட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

சில சமயம் அந்தக் கட்டி தானாகவே கரைந்துவிடும். கை திரும்பத் தூக்க வரும், பேச்சு தெளியும். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பத்து நிமிஷ விவகாரம். 'மினி ஸ்ட்ரோக்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். 'மினி' என்பதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அதுதான் தப்பு. கட்டி கரைந்துவிட்டது. சரி. கட்டியை அனுப்பிய இடம் அப்படியே இருக்கிறதே!

கலிஃபோர்னியாவில் இப்படி அவசரப் பிரிவுக்கு வந்து குணமாகிப் போன 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்டார்கள். 90 நாளுக்குள் பத்துப் பேரில் ஒருவருக்கு நிஜமான பக்கவாதம் வந்தது. அதிலும் பாதிப் பேருக்கு முதல் இரண்டு நாளிலேயே! நீங்கள் இஞ்சிச் சாறு குடித்துவிட்டு 'பார்ப்போம்' என்று காத்திருக்கும் அதே இரண்டு நாள். இன்னொரு சேதியும் உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இப்படிப்பட்டவர்களுக்குத் தாமதமில்லாமல் சிகிச்சை ஆரம்பித்துப் பார்த்தார்கள். அடுத்து வரவேண்டிய வாதம் 80 சதவீதம் குறைந்தது. இது 2007-ல் வெளியானது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் போனால் பலன் அவ்வளவு பெரிது.

சிரிக்கச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள்

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? பேரப்பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா, அல்லது சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 108-க்கு போன் செய்யுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தது போல் பார்வை மறைவது, திடீரென்று நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, இதுவரை அனுபவித்திராத அளவுக்கு மண்டை பிளக்கும் தலைவலி... இவையும் அதே கணக்குதான்.

கடிகாரம் எதற்கு என்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. ராத்திரி நன்றாகப் படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே இழுத்து வெளியே எடுக்கிறார்கள். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதற்கு வாய்ப்பு உண்டு. ஆனாலும் சீக்கிரம் போனவருக்குத்தான் அதிக லாபம்.

ஸ்கேன் கட்டாயம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. மீதி, ரத்தக்குழாய் வெடித்துக் கசிவதால் வருபவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தை வெடிப்புக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நாடி பிடித்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. என்னாலும் முடியாது, என் ஆசிரியர்களாலும் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.

அதுவரைக்கும் என்ன செய்யக் கூடாது? வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காபி, சோடா, பிராந்தி, கஷாயம், எதுவுமே! விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நேரே நுரையீரலுக்குள் இறங்கும். நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது நெஞ்சு வலிக்காகக் கொடுத்த மாத்திரை. இங்கே அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று தாழ்த்தி, பட்டினி கிடக்கும் மூளையை இன்னும் பட்டினி போடும். ஆஸ்பிரினும் ஸ்கேன் எடுத்த பிறகுதான். விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் சேதி ஒன்று வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் செய்ய ஆகும் நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதி வழி போயிருக்கும்.

எல்லாத் தலைசுற்றலும் இது இல்லை

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "மூளைக்கு ரத்தம் போகலை, அதான் தலை சுத்துது" என்று வருகிற பலருக்கு மூளையில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. படுக்கையில் புரண்டு படுத்தால், பரணில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து பார்த்தால் வீடே சுற்றுகிறதா? ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறதா? அது அநேகமாகக் காது விவகாரம். உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள் இடம் மாறிவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர் தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பி அதைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். மாசக்கணக்கில் மாத்திரை வேண்டாம்.

உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறதா? அது ரத்த அழுத்தம் சற்று நேரம் தாழ்ந்து போவது. வயதானவர்களுக்கும், பிரஷர் மாத்திரை, பிராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கும் சகஜம். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் 'அடிக்கடி போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பார்கள் நம் பாட்டிமார்கள். அதுவும் ஒரு காரணம். மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டுமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. சலூனில் முடி வெட்டிய பிறகு தலையை இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று நெட்டி முறிக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புத் துளைக்குள் போகும் பின்பக்கக் குழாயின் உள்சுவர் அந்த வெட்டு இழுப்பில் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும். வாலிபர்களுக்கே இப்படி வாதம் வந்திருக்கிறது. பியூட்டி பார்லரில் தலை கழுவும்போது கழுத்தைத் தொட்டி விளிம்பில் ரொம்பப் பின்னால் மடக்கிவைப்பதும் இதே ஜாதிதான். 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். விளிம்பில் ஒரு டவலை மடித்து வைக்கச் சொல்லுங்கள். 'ரத்தம் மூளைக்குப் பாயட்டும்' என்று 60 வயதில் புதிதாகச் சிரசாசனம் ஆரம்பிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: வேண்டாம். மூளைக்கு ரத்தம் போகவேண்டியது நல்ல குழாய் வழியாக. தலைகீழாக நின்று அல்ல.

உப்பு டப்பாவைத் திறந்து பாருங்கள்

குழாய் ஏன் கெடுகிறது? ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகையிலை. இந்த நால்வரில் தலைவர் ரத்தக்கொதிப்புதான். பெரிய அடைப்பு வராவிட்டாலும், வருஷக்கணக்கில் அதிக அழுத்தத்தில் ரத்தம் மோதி மோதி மூளைக்குள் இருக்கும் தலைமுடி போன்ற குழாய்கள் தடித்துப் போகின்றன. யோசனை மந்தமாகும். நடை தளரும். கணக்கு வழக்கில் தடுமாறுவார். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்கு லேசான மறதிக் கோளாறு குறைவாக வந்தது என்று 2019-ல் தெரிவித்தார்கள். எழுந்தால் கண் இருட்டும் 80 வயதுக்காரருக்கு 120 பொருந்தாமல் போகலாம். யாருக்கு எவ்வளவு என்பது அவரைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

வீட்டில் கருவி இருந்தால் புஜத்தில் கட்டுகிற ரகமாக வாங்குங்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். பேசக் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். வீட்டில் எடுக்கும் அளவு பல நாள் 135/85-க்கு மேலேயே நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்போது சமையலறைக்கு வாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே, அதாவது ஒரு சின்ன டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதி எழுதிவையுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். அடுத்த தடவை வரும்போது பாதிப் பேர், "டாக்டர், இருபத்தஞ்சு நாள்லயே தீர்ந்துடுச்சு" என்பார்கள். இதில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் கணக்கில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். திடீரென்று பாதியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். வாரம் ஒரு சிட்டிகையாகக் குறைத்து, அதற்குப் பதில் எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். ஒரு மாசத்தில் நாக்கு பழகிவிடும்.

"நாங்க இந்துப்புதான் டாக்டர் போடறோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் மருந்துகளில் இந்துப்பு சேரும், உண்மைதான். ஆனால் அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். விலை கூடுதலே தவிர, ரத்தக்கொதிப்புக்கு வித்தியாசம் தெரியாது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு என்று ஒன்று உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் அதைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியான முடிவு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

புகையிலை பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பீடி, சிகரெட் மட்டுமில்லை. வெற்றிலையோடு போடுவதும், மூக்குப்பொடியும் அதே புகையிலைதான். விட்டுவிடுங்கள். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் வியர்க்க வியர்க்க நடங்கள்.

நாடி சொல்லும் ஒரு சேதி

நாடி பார்த்து அடைப்பா வெடிப்பா என்று சொல்ல முடியாது என்றேன். ஆனால் நாடி சொல்லும் வேறொரு சேதி இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும்போது, ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று மாதக்கணக்கில் மணிக்கட்டைப் பிடித்துப் பழகினோம். முப்பது வருஷமாக வருகிற எல்லோருக்கும் முதலில் கையைப் பிடித்துவிடுவேன். சிலருக்குத் துடிப்பு ஓர் ஒழுங்கிலும் அடங்காது. இரண்டு சேர்ந்து வரும், ஒன்று விட்டுப் போகும், பிறகு படபடவென்று நாலு. தாளம் தெரியாதவர் மத்தளம் கொட்டுகிற மாதிரி. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால் இப்படி ஆகும். அறையின் மூலையில் ரத்தம் தேங்கி, உறைந்து, ஒருநாள் புறப்பட்டு மூளைக்குப் போய்விடும். இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு!

இதை நீங்களே பார்க்கலாம். கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை லேசாக வைத்து ஒரு நிமிஷம் கவனியுங்கள். வேகம் எப்படியும் இருக்கட்டும், தாளம் சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அறுபது தாண்டிய எல்லோருக்கும் மாசம் ஒருமுறை வீட்டில் யாராவது பார்த்துவிடலாம். தாளம் தப்பினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இருக்கிறது. அந்த இடத்தில் என் சூரணம் ஈடாகாது. நான் அப்படியே எழுதிக்கொடுத்து இதய டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

அப்படியானால் சித்த மருந்து எதற்கு?

எங்கள் நூல்களில் வாத நோய் 80 என்று யூகிமுனிவர் வகைப்படுத்தியிருக்கிறார். பக்கவாதமும் அதில் உண்டு. எண்ணெய், ஒற்றடம், தொக்கணம், வர்மம், உணவு, பத்தியம் என்று அதற்கு நீண்ட முறை இருக்கிறது. இதெல்லாம் ஆபத்து கட்டம் தாண்டிய பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, ரத்த அழுத்தம் கட்டுக்குள் நின்ற பிறகு, அங்கே கொடுத்த மாத்திரைகளோடு சேர்த்து. "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினாத்தான் நம்ம மருந்து பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அடுத்த வாதத்தைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை. நிறுத்திய வாரமே இரண்டாவது தடவை விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொக்கணம் என்ற பிடித்துவிடும் முறை தட்டல், இறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை. மூட்டு இறுகாமல் இருக்கவும், தசை சுருங்காமல் இருக்கவும், படுத்தே கிடப்பவரின் மனசுக்குத் தெம்பு வரவும் இது உதவுகிறது. செத்துப்போன மூளைப் பகுதியை இது உயிர்ப்பிக்காது. பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். முதல் மூன்று மாசம் பொன்னானது. ஆகவே பிசியோதெரபியை விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது. விழுந்த பக்கத் தோளைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

வல்லாரை? கேட்பீர்கள் என்று தெரியும். நல்ல கீரை. தேங்காய், பருப்பு, புளி சேர்த்து வாரம் இரண்டு நாள் துவையல் அரையுங்கள். மூளைக்குப் பலம் என்று தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். ஆனால் அடைப்பைத் திறக்கும் என்று நினைத்துக் கைப்பிடி கைப்பிடியாகச் சாறு எடுத்துக் குடிக்க வேண்டாம். அந்த வேலையை அது செய்யாது. அளவு மீறினால் ஈரலுக்கும் ஆகாது.

'நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது' என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலை செய்கிற எந்த மருந்துக்கும் விளைவு உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்தக்கொதிப்பைத் தணிக்கும் என்று 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் எழுதினார்கள். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் வக்கீல் அதை ஆராய்ந்து லண்டன் இதழில் வெளியிட்ட பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதன் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கினார்கள். அதே வேர் அளவு தப்பினால் மனச்சோர்வைக் கொண்டுவந்துவிடும். சக்தி உள்ளதால்தான் இரண்டும். இன்னும் சாதாரண உதாரணம் வேண்டுமா? இருமலுக்கு நாம் சுவைக்கும் அதிமதுரம். நாலைந்து நாள் என்றால் சரி. தினமும் மாசக்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பொட்டாசியத்தையும் இறக்கும். பிரஷர் உள்ளவர்களுக்கு நான் அதைக் கொடுப்பதே இல்லை. பெயர் தெரியாத பஸ்பம், செந்தூரம் எதையும் பஸ் ஸ்டாண்டிலும் போனிலும் வாங்காதீர்கள். பாதரசம், ஈயம் சேர்ந்தவற்றைச் சுத்தி செய்யத் தெரியாதவர் கையில் அவை விஷம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகுமரால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், ஒரு வாரம் தினமும் கீரையாகச் சாப்பிடவும் வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும். அளவு மாறினால் மாத்திரையின் வேலை ஏறும், இறங்கும். பூண்டு லேகியம், ஜிங்கோ மாத்திரை போன்றவற்றை இதோடு சேர்த்தால் ரத்தக் கசிவு வரலாம். ஜிங்கோ 'மூளைக்கு ரத்த ஓட்டம் கூட்டும்' என்று விளம்பரத்தோடு விற்கிறது. 3,069 முதியவர்களுக்கு வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தும் மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. அந்தக் காசுக்குப் பழம் வாங்கலாம்.

என்னிடம் வருகிறவர்களிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். நான் கொடுக்கும் மருந்தின் பெயரையும் தமிழில் தெளிவாக எழுதிக்கொடுத்து, மற்ற டாக்டரிடம் காட்டச் சொல்வேன். "திட்டுவாரு சார்" என்று மறைப்பார்கள். திட்டினால் திட்டட்டும், காட்டுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்குக் காசில்லை என்று நிறுத்துகிற வீடுகளும் உண்டு. தமிழக அரசு 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும்.

இந்த இதழை மூடி வைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். உங்கள் ஊரிலிருந்து அருகில், ராத்திரி இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டி கரைக்கும் ஊசியும் போடுகிற ஆஸ்பத்திரி எது? தெரியாவிட்டால் நாளைக்கே விசாரித்து அதன் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். அதன் கீழே 108. அதற்கும் கீழே, பெரியவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் கூப்பிடத் தெருமுனை ஆட்டோக்காரர் நம்பர். பெரிய எழுத்தில், பேத்திக்கும் படிக்க வருகிற மாதிரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.